1911 பிஸ்டல் வாங்கப் போகிறீர்களா? அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹூஸ்டனில் நான் வழக்கமாகப் போகும் துப்பாக்கிக் கடையில் ஒரு முழுக் கண்ணாடி அலமாரி 1911-களுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். 1911 என்பது அந்த ஆண்டில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கி மாடல், இன்றும் பல கம்பெனிகள் அதைச் செய்கின்றன. இடது ஓரத்தில் இருப்பது 400 டாலர், வலது ஓரத்தில் இருப்பது 4,000 டாலர். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த தம்பி ஒருவர் கிரீன் கார்டு கையில் வந்த சந்தோஷத்தில், "அண்ணா, அந்தப் பழைய மாடல் துப்பாக்கி ஒண்ணு வாங்கணும், எதை வாங்குறது?" என்று கேட்டார். சாப்பாட்டு இலையை எடுத்த பிறகும் பேசி முடியவில்லை. அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல்முறை 1911 வாங்குபவர் ஐந்து அங்குலக் குழல் உள்ள, முழுக்க எஃகாலான, கூடுதல் அலங்காரம் எதுவும் இல்லாத ஒன்றை வாங்க வேண்டும். பெயரையும் பளபளப்பையும் பார்த்து வாங்கக் கூடாது. கையில் எடுத்துச் சோதித்துப் பார்த்து வாங்க வேண்டும். மிச்சப் பணம் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் போகட்டும்.

முதல் படி: சட்டம் உங்களை அனுமதிக்கிறதா?

கடைக்குப் போவதற்கு முன்பே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம்மவர்களில் பலர் எச்-1பி, எல்-1, எஃப்-1 அல்லது எச்-4 விசாவில் இருக்கிறார்கள். அந்த விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதையும் வைத்திருப்பதையும் அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் சுடுவதற்கும் இதே தடைதான். வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் ஆபீஸில் யாரோ சொன்னார்கள் என்று அதை நம்பி இறங்காமல், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். இதில் தவறினால் அபராதத்தோடு முடியாது, உங்கள் குடியேற்ற வழக்கே கவிழ்ந்துவிடும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவம் தருவார்கள். பெயர், பிறந்த ஊர், குடியுரிமை, ஏலியன் எண் எல்லாம் அதில் எழுத வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படித்துப் பதில் சொல்லுங்கள், அதில் பொய் சொல்வது பெருங்குற்றம். அப்புறம் கடைக்காரர் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனைக்குத் தகவல் அனுப்புவார். பல நேரம் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும், சில நேரம் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க மத்தியச் சட்டம் வைத்திருக்கும் வயது வரம்பு 21.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிஃபோர்னியாவில் அரசு அனுமதித்த பட்டியலில் இருக்கும் மாடல்களைத்தான் கடையில் புதிதாக வாங்க முடியும். அங்கும் நியூயார்க்கிலும் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் கூட்டில்) பத்து தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. வழக்கமான 1911-இன் மேகசின் ஏழு அல்லது எட்டுதான் கொள்ளும் என்பதால் இந்த விதி அதைத் தொடுவதில்லை. அந்த மாநிலங்களில் இதற்குத் தனி மவுசு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, ஊருக்குப் போகும் நம்மவர்களுக்காகச் சொல்கிறேன். சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையை ஒருபோதும் பயணப் பையாகப் பயன்படுத்தாதீர்கள். மூலையில் ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்து, இந்திய விமான நிலையத்து ஸ்கேனரில் அகப்பட்டு, ஆயுதச் சட்டத்தில் வழக்கு வாங்கியவர்கள் பலர் இருக்கிறார்கள். என் சுடுதளப் பை கராஜை விட்டு வீட்டுக்குள்ளேயே வராது.

இந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

வரலாறு வேண்டாம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் 400-க்கும் 4,000-க்கும் என்ன வித்தியாசம் என்பதற்கான விடை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸில் அங்கத்து முஸ்லிம்களான மோரோ வீரர்களோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தது. கையில் இருந்த .38 ரிவால்வரின் குண்டு பாய்ந்து வருபவரை நிறுத்தவில்லை என்ற புகார் எழுந்தது. 1904-இல் சோதனைகள் நடத்தி, .45 அங்குல விட்டத்துக்குக் குறையாத குண்டு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரில் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங் அதற்கேற்ற பிஸ்டலை வடிவமைத்தார். 1911 மார்ச்சில் நடந்த இறுதிச் சோதனையில் ஒரே பிஸ்டலில் 6,000 ரவை, அதாவது 6,000 தோட்டா, சுட்டார்கள். கை பொறுக்காமல் சூடானபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். போட்டிக்கு வந்த சாவேஜ் பிஸ்டல் 37 முறை தகராறு செய்தது. பிரவுனிங் வடிவமைத்து கோல்ட் (Colt) கம்பெனி செய்த பிஸ்டல் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. மார்ச் 29 அன்று அதை ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1985-இல் பெரெட்டா 9 மி.மீ. அந்த இடத்துக்கு வரும்வரை 74 ஆண்டுகள் அதுவே அமெரிக்கப் படையின் பிஸ்டல்.

இரண்டாம் உலகப் போரின்போது கோல்ட் கம்பெனியால் மட்டும் தேவையை ஈடுகட்ட முடியவில்லை. டைப்ரைட்டர் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் ராண்டும், ரயில்வே சிக்னல் செய்துகொண்டிருந்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னலும் பிஸ்டல் செய்தன. நம் வீட்டில் பாட்டி மிதித்த தையல் மெஷினைச் செய்த அதே சிங்கர் கம்பெனியும் சோதனை முறையில் 500 பிஸ்டல் செய்துகொடுத்தது. சேகரிப்பவர்கள் இன்று ஒரு சிங்கர் பிஸ்டலுக்கு ஒரு வீட்டின் விலையைக்கூடக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

இத்தனை தொழிற்சாலைகள் செய்த பாகங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதால் ராணுவ 1911-இல் பாகங்களுக்கிடையே கொஞ்சம் தாராளமாகவே இடைவெளி விட்டார்கள். குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரும், ஆனால் சேற்றிலும் ஓடும். போர் முடிந்த பிறகு குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு இறுக்கம் வேண்டும். ஆயுதக் கொல்லர்கள், சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகமான ஸ்லைடையும் குழலையும் கையால் அரம் போட்டுப் பொருத்தினார்கள். இன்று சந்தையில் இருக்கும் ஒவ்வொரு 1911-உம் இந்த இரண்டு மரபுகளுக்கு நடுவில் எங்கோ நிற்கிறது. காப்புரிமை என்றைக்கோ முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே தர அளவு கிடையாது. அதனால்தான் இதை வாங்கும்போது மற்ற பிஸ்டல்களைவிடக் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன்.

இரண்டாம் படி: அளவைத் தீர்மானியுங்கள்

மூன்று அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஐந்து அங்குலக் குழல் உள்ளதை கவர்ன்மென்ட் என்பார்கள், 4.25 அங்குலம் கமாண்டர், 3.5 அங்குலம் ஆபீசர்.

நான் முதலில் வாங்கியது 3.5 அங்குலம். கைக்கு அடக்கமாக, பார்க்க அழகாக இருந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. முதல் ஐம்பது ரவைப் பெட்டி முடிவதற்குள் ஆறு முறை சிக்கியது. சுட்ட வெற்றுக் கூடு வெளியே பறக்காமல் ஸ்லைடின் வாயில் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும். பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த, கொரியாவில் பணியாற்றிய ஒரு பெரியவர் அதை வாங்கி இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு வேலை செய்ய நேரமே பத்தலை" என்ற பொருளில் ஏதோ சொன்னார். அன்று புரியவில்லை.

பின்னால் புரிந்தது. 1911 சுடும்போது குழலும் ஸ்லைடும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னால் வரும். குழலின் அடியில் இருக்கும் ஒரு சிறு இணைப்பு குழலின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். பூட்டு அவிழும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் போய் வெற்றுக் கூட்டை உருவித் தள்ளும், பிறகு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் கொத்திக்கொண்டு போகும். பிரவுனிங் இதையெல்லாம் ஐந்து அங்குலத்துக்குக் கணக்குப் போட்டார். குழலைக் குறைத்தால் ஸ்லைடின் எடை குறைகிறது, ஓடும் தூரம் குறைகிறது, ஸ்பிரிங்கைக் கடினமாக்க வேண்டியிருக்கிறது. மேகசின் தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்கக் கிடைக்கும் நேரமும் சுருங்குகிறது. நல்ல 3.5 அங்குலப் பிஸ்டல்கள் இல்லாமல் இல்லை. ஆனால் சிறு தவறைக்கூட அவை மன்னிக்காது. நான் அதை 250 டாலர் நட்டத்தில் விற்றேன்.

கமாண்டர் நல்ல நடுவழி. உரிமம் வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அலுமினிய ஃபிரேம் (ஸ்லைடைத் தாங்கும் அடிப்பாகம்) உள்ள கமாண்டர் முக்கால் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். முழு எஃகு கவர்ன்மென்ட் வெறுமையாகவே 1.1 கிலோ. சுடுதளத்தில் பழகுவதற்கு அந்தக் கனம்தான் உங்களுக்கு நண்பன், உதைப்பை அது வாங்கிக்கொள்ளும்.

மூன்றாம் படி: .45-ஆ, 9 மி.மீ.-ஆ?

.45 ஏசிபி என்பது 1911-இன் வழக்கமான தோட்டா. அதன் வழக்கமான குண்டு 230 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 15 கிராம். நொடிக்கு 250 மீட்டருக்குச் சற்று மேலே, ஒலியின் வேகத்தைவிட மெதுவாகத்தான் போகும். உதைப்பு உள்ளங்கையை அறைவதுபோல் இருக்காது, யாரோ கனமாகத் தள்ளுவதுபோல் இருக்கும். பழகிவிட்டால் பிடித்துப்போகும்.

9 மி.மீ.-யின் குண்டு அதில் பாதி எடைதான். விலையும் கிட்டத்தட்ட பாதிதான். மாதம் 200 ரவை சுடுபவருக்கு ஓராண்டில் மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல பயிற்சி வகுப்புக்கே போய்விடலாம். ஆனால் 1911-இன் மேகசின் நீளம் .45-க்காக அமைந்தது. குட்டையான 9 மி.மீ. தோட்டாவுக்காக மேகசினுக்குள் ஒரு அடைப்பு வைத்திருப்பார்கள். கம்பெனி அதைச் சரியாகச் செய்திருந்தால் பிரச்சினை இல்லை, இல்லாவிட்டால் தோட்டா மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும்.

பணம் இடித்தால் 9 மி.மீ. எடுங்கள், அதில் வெட்கமே வேண்டாம். இந்தத் துப்பாக்கியை அதன் இயல்பில் அனுபவிக்க வேண்டும் என்றால் .45.

நான்காம் படி: உங்கள் கைக்குப் பொருந்துகிறதா?

பிஸ்டலை எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள வளைவில் பின்பிடி நன்றாக உட்காரும்படி பிடியுங்கள். பிடித்த பிடியை மாற்றாமல் சுட்டுவிரலை ட்ரிகர் மேல் வையுங்கள். விரல்நுனியின் சதைப்பகுதி ட்ரிகரின் நடுவில் வந்தால் சரி. நகத்தோரம்தான் எட்டுகிறது என்றால் ட்ரிகர் உங்களுக்கு நீளம். முதல் மாடலின் நீள ட்ரிகரைப் பற்றி இதே புகார் வந்ததால்தான் 1920-களில் ராணுவம் ட்ரிகரைக் குட்டையாக்கி, அதற்குப் பின்னால் ஃபிரேமில் விரலுக்கு இடம் விட்டு ஏ1 மாடலைக் கொண்டுவந்தது. என் மனைவியின் கை சிறியது, குட்டை ட்ரிகரும் மெல்லிய பிடிப்பலகையும் போட்ட பிறகு என்னைவிட நெருக்கமாகக் குண்டுகளைப் பதிக்கிறார். இந்தப் பாகங்களை மாற்ற அதிகச் செலவாகாது. 1911-இன் பெரிய வசதியே அதுதான்.

அடுத்து, ஹேமர், அதாவது பின்னால் இருக்கும் சுத்தி, கடிப்பது. பழைய பாணி மாடலில் பின்பிடிக்கு மேலே இருக்கும் வால் குட்டையாக இருக்கும். கை கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தால் ஸ்லைடு பின்னால் வரும்போது ஹேமருக்கும் வாலுக்கும் நடுவில் தோல் மாட்டிக்கொள்ளும். பத்து ரவையில் ரத்தம் எட்டிப்பார்க்கும். கடையில் பிடித்துப் பார்க்கும்போது ஹேமரைப் பின்னுக்கு இழுத்து, அந்த இடத்தில் தோல் பிதுங்குகிறதா என்று பாருங்கள். பிதுங்கினால், வளைந்து நீண்ட வால் உள்ள மாடலை எடுங்கள். பழைய தோற்றம் போய்விடுமே என்று நினைக்காதீர்கள், கடித்த கை அடுத்த முறை சுடுவதற்கு முன்பே சுருங்கிக்கொள்ளும்.

இடதுகைக்காரர்கள் இரண்டு பக்கமும் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் குறிபார்க்கும் சைட்டைக் கவனியுங்கள். ராணுவப் பாணி சைட் அரிசிமணி அளவுதான் இருக்கும். என் கண்ணுக்கு அது இப்போது தெரிவதில்லை.

ஐந்தாம் படி: 70-ஆ, 80-ஆ?

கடையில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும். 1983-இல் கோல்ட் கொண்டுவந்த 80 வரிசையில், ட்ரிகரை அழுத்தினால் ஒழிய, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி முன்னால் போக முடியாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. துப்பாக்கி கீழே விழுந்தாலும் சுடாமல் இருக்க அது. அதற்கு முந்தைய 70 பாணியில் அந்தத் தடுப்பு இல்லை. பாகங்கள் குறைவு, ட்ரிகர் கொஞ்சம் தெளிவாக இருக்கும். தடுப்புக்குப் பதிலாக எடை குறைந்த டைட்டானியம் ஊசியும் வலுவான ஸ்பிரிங்கும் போடும் கம்பெனிகளும் உண்டு. இடுப்பில் சுமப்பவர் 80 பாணியை எடுக்கலாம். சுடுதளத்துக்கு மட்டும் என்றால் எதுவும் சரி. இதற்காக ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறாம் படி: எவ்வளவு செலவு செய்யலாம்?

400 முதல் 550 டாலருக்குள் துருக்கியின் டிசாஸும் பிலிப்பைன்ஸின் மரிகினாவில் செய்யப்படும் ராக் ஐலண்டும் கிடைக்கும். எந்த நாட்டுச் சண்டை இந்த .45 பிஸ்டலுக்குக் காரணமானதோ, அதே நாட்டிலிருந்து இன்று அது அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். இந்த விலையில் வருபவை நேர்மையான வேலைக்காரர்கள். மேல்பூச்சு கரடாக இருக்கும், ட்ரிகர் கொஞ்சம் மணல்போல நெருடும், ஆனால் சுடும்.

700 முதல் 1,100 வரை ரூகர், ஸ்பிரிங்ஃபீல்ட், கோல்ட். முதல் துப்பாக்கிக்கு இந்த விலைதான் என் பரிந்துரை. இந்த ஸ்பிரிங்ஃபீல்ட் இல்லினாய்ஸில் இருக்கும் தனியார் கம்பெனி. மசாசூசெட்ஸில் இருந்த பழைய அரசு ஆயுதத் தொழிற்சாலை 1968-இல் மூடப்பட்டுவிட்டது, இவர்கள் அதன் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கடையில் இரண்டையும் குழப்பிப் பேசுவார்கள்.

1,700-ஐ ஒட்டி டேன் வெசன். அதற்கு மேலே, 3,000-ஐத் தாண்டினால் ஆர்கன்சாவின் பெர்ரிவில் ஊரிலிருந்து வரும் வில்சன் காம்பாட், நைட்ஹாக் போன்றவை. அங்கே ஒரு மனிதர் அரத்தோடு உட்கார்ந்து பொருத்திய உழைப்புக்குத்தான் காசு. ஸ்லைடை இழுத்தால் நல்லெண்ணெயில் கண்ணாடி வழுக்குவதுபோல வரும். ஆசைப்படலாம், ஆனால் முதல் ஐயாயிரம் ரவைக்கு உங்கள் கைதான் துப்பாக்கியைவிட மோசமாகச் சுடும். அதுவரை அந்த வித்தியாசம் உங்களுக்குப் பயன்படாது.

உள்பாகங்கள் எப்படிச் செய்யப்பட்டவை என்றும் கேளுங்கள். உலோகத் தூளை அச்சில் அழுத்திச் சுட்டெடுப்பது, வார்ப்பது, அடித்து உருவாக்கிக் கடைவது என்று மூன்று முறைகள் உண்டு. முதல் முறையில் செய்த சின்னப் பாகங்கள் பெரும்பாலும் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் தோட்டாவின் விளிம்பைப் பிடித்து உருவும் எக்ஸ்ட்ராக்டரும் ஸ்லைடை நிறுத்தும் ஊசியும் மட்டும் திட எஃகில் இருப்பது நல்லது. எக்ஸ்ட்ராக்டர் தானே ஸ்பிரிங்காகவும் வேலை செய்ய வேண்டிய பாகம்.

ஏழாம் படி: கடையில் கையில் எடுத்துச் சோதிப்பது

இதுதான் முக்கியம், இதை மட்டும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். "வெறும் துப்பாக்கியில் ட்ரிகரை அழுத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டால் மதிப்பார்கள். கேட்காமல் செய்தால் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவார்கள். முனை எப்போதும் ஆள் இல்லாத பக்கம்தான் இருக்க வேண்டும்.

முதலில் மேகசினை வெளியே எடுங்கள். ஸ்லைடை இழுத்துப் பூட்டி, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். கடைக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள்.

ஸ்லைடைக் கையால் பிடித்தபடியே மெதுவாக முன்னால் விடுங்கள். காலியாக இருக்கும்போது சடாரென்று விடக் கூடாது. தோட்டாவைக் கொத்திச் செல்லும்போது ஸ்லைடின் வேகம் தணியும். காலியாக விட்டால் முழு வேகத்தில் மோதி, ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சிறு கொக்கியின் கூர்விளிம்பு சேதமாகும். 1911-காரர்களுக்கு இது செருப்போடு பூஜையறைக்குள் போவது மாதிரி.

மூடிய நிலையில், மேலே தெரியும் குழலின் பின்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அசையக் கூடாது. அசைந்தால் பூட்டு தளர்வு, ரவை சிதறும். ஸ்லைடு பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது பரவாயில்லை.

அடுத்து பிடி சேஃப்டி. ஹேமரை இழுத்து வைத்து, பின்பிடியில் உள்ள அந்த அழுத்தியைத் தொடாமல் துப்பாக்கியைப் பிடித்து ட்ரிகரை அழுத்துங்கள். ஹேமர் விழக் கூடாது.

இப்போது கட்டைவிரல் சேஃப்டி. ஹேமர் பின்னால் இருக்க, சேஃப்டியை மேலே தள்ளி, பிடியை இறுக்கி, ட்ரிகரை நன்றாக அழுத்திவிட்டு விரலை வெளியே எடுங்கள். சேஃப்டியைக் கீழே இறக்குங்கள். ஹேமர் அப்படியே நிற்க வேண்டும். இன்னும் முடியவில்லை. முனையைப் பாதுகாப்பான பக்கம் வைத்துக்கொண்டே, காதைக் கொஞ்சம் அருகில் கொண்டுபோய், ஹேமரை ஒரு நூலளவு பின்னுக்கு இழுங்கள். சத்தமே இல்லை என்றால் நல்லது. 'டிக்' என்று மெல்லிய ஒலி கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே அந்தக் கொக்கி நகர்ந்திருக்கிறது, இப்போது திரும்பிப்போய் உட்கார்கிறது என்று அர்த்தம். சேஃப்டி சரியாகப் பொருத்தப்படவில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1,500 டாலர் பிஸ்டல் ஒன்றில் அந்த 'டிக்' எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த 600 டாலர் பிஸ்டலில் கேட்கவில்லை.

ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு ட்ரிகரை அழுத்துங்கள். ஹேமர் விழக் கூடாது. குழல் பூட்டாதபோது சுடாமல் தடுக்கும் பாகம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு இது. பிறகு ட்ரிகரை அழுத்தியபடியே ஸ்லைடை முழுதாக இழுத்து மெதுவாக முன்னே விடுங்கள். ஹேமர் பின்னாலேயே நிற்க வேண்டும். விரலைத் தளர்த்தினால் ஒரு சொடுக்கு கேட்கும். மறுபடி அழுத்தினால்தான் விழ வேண்டும்.

ட்ரிகரின் எடை, அதாவது அதை அழுத்தத் தேவைப்படும் பலம், நாலு முதல் ஐந்து பவுண்டு இருந்தால் போதும். மூன்றுக்குக் கீழே போனதை முதல் துப்பாக்கியாக வாங்காதீர்கள். பழைய துப்பாக்கி என்றால் யாராவது வீட்டில் அரம் போட்டிருப்பார்கள்.

கடைசியாக, ஸ்லைடைத் திறந்து, தோட்டா ஏறும் சரிவைப் பாருங்கள். ஃபிரேமில் இருக்கும் சரிவுக்கும் குழலின் வாய்க்கும் நடுவில் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு படி இடைவெளி இருக்க வேண்டும். குழல் முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் தோட்டா முட்டும்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் உரிமம் உள்ள கடை வழியாகவே வாங்குங்கள். டெக்சாஸில் தனியாரிடம் நேரடியாக வாங்க முடியும் என்றாலும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத துப்பாக்கியை கிரீன் கார்டு வைத்திருப்பவர் தொடவே வேண்டாம். இடப்பக்கம் ஸ்லைடு ஸ்டாப்புக்குக் கீழே பிறைபோல ஒரு கீறல் இருந்தால், பிரித்து மாட்டும்போது யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். அது தோற்றக் குறைதான், விலையைக் குறைக்கப் பேசலாம்.

ராணுவத்திலிருந்து வந்த அசல் 1911-களை சி.எம்.பி. (சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம்) என்ற அமைப்பு 2018 முதல் குலுக்கல் முறையில் விற்றது. அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அசல் ராணுவத் துப்பாக்கி கிடைத்தால் ஒரு பாகத்தையும் மாற்றாதீர்கள், பளபளப்பாக்கவும் வேண்டாம். அதன் மதிப்பே அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது.

1911 வேண்டாம், ஆனால் பழைய பாணி வேண்டும் என்பவர்களுக்கு பிரவுனிங் ஹை-பவர் இருக்கிறது. பிரவுனிங் தொடங்கி, 1926-இல் அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனியில் டியூடோன்னே சேவ் முடித்த 1935-ஆம் ஆண்டு மாடல். 9 மி.மீ., மேகசினில் 13 தோட்டா. இந்திய ராணுவத்துக்காக இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி செய்த 9 மி.மீ. பிஸ்டல் இதே வடிவம்தான், ஊரில் அதிகாரிகளின் இடுப்பில் நீங்கள் பார்த்திருக்கலாம். இப்போது ஸ்பிரிங்ஃபீல்டின் எஸ்.ஏ.-35, துருக்கியின் கிர்சான் என்று நியாயமான விலையில் கிடைக்கிறது. கைக்கு 1911-ஐவிட மென்மையாக உட்காரும். ட்ரிகர் மட்டும் அவ்வளவு தெளிவாக இருக்காது.

வாங்கிய பிறகு

பெட்டியோடு வரும் மேகசின் ஒன்றோ இரண்டோதான். இன்னும் மூன்று நல்ல மேகசின்கள் வாங்குங்கள். 1911 சிக்குவதற்கு முதல் சந்தேகம் எப்போதும் மேகசின் மேல்தான் விழ வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயின்டால் எண் போட்டுவையுங்கள். இரண்டாம் எண்ணில் மட்டும் சிக்குகிறது என்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்தது இது.

முதல் நாளுக்கு முன் பிரித்து, கம்பெனி போட்ட கெட்டியான எண்ணெயைத் துடைத்து, ஸ்லைடு ஓடும் தடங்களில் புது எண்ணெய் விடுங்கள். 1911 எண்ணெயில் வாழும் துப்பாக்கி. பிரிக்கும்போது குழல் முனையில் உள்ள மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வளையத்தைத் திருப்புங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் ஸ்பிரிங் மூடியை அறை முழுக்கப் பறக்கவிடும். எங்கள் சாப்பாட்டறைக் கூரையில் அந்த வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சுடுதளத்துக்குக் காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் போகாதீர்கள். முதலில் சாதாரண 230 கிரெய்ன் உருண்டை மூக்குத் தோட்டாவில் 200 ரவை சுடுங்கள். இறுக்கமாகப் பொருத்திய புதுத் துப்பாக்கி முதல் சில பெட்டிகளில் ஓரிரு முறை தடுமாறலாம். 200 தாண்டியும், வெவ்வேறு மேகசினிலும் தொடர்ந்து சிக்கினால் கம்பெனிக்கு எழுதுங்கள், நீங்களே அரத்தை எடுக்காதீர்கள். முடிந்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலையே தொட வேண்டும். ஈயத் தூள் கண்ணுக்குத் தெரியாது.

வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டிக்கு விலக்கே கிடையாது. டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் வைக்க வேண்டும். பெட்டிக்கான 150 டாலரைத் துப்பாக்கியின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். அதற்குப் பணம் இல்லை என்றால் துப்பாக்கிக்கும் இன்னும் பணம் சேரவில்லை என்று அர்த்தம்.

ஸ்லைடை முன்னே தள்ளும் ஸ்பிரிங் தேயும் பொருள். ஐந்து அங்குல .45-க்கு 16 பவுண்டு ஸ்பிரிங், பத்து டாலருக்குள் கிடைக்கும். சில ஆயிரம் ரவைக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கணக்கு மறந்துபோகும் என்பதால் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, ஒவ்வொரு முறை சுட்டுவிட்டு வந்ததும் எண்ணிக்கையை எழுதிவையுங்கள். என் டேப்பில் இப்போது 6,450 என்று இருக்கிறது. கடைசி ஸ்பிரிங் மாற்றியது 5,000-இல்.